வாசிக்கிறான், விளங்குகிறதா?

நம் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மூன்றாம் ஸ்டாண்டர்டு முடிப்பதற்குள் பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் டீச்சரும் "ரீடிங் நன்றாக இருக்கிறது" என்கிறார். நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பிள்ளை நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் சயன்ஸ் பாடத்தில் திணறுகிறான். கூட்டல், பெருக்கல் எல்லாம் பிசகாமல் போடுகிறவன், வாக்கியமாக எழுதிய கணக்கு வந்தால் மட்டும் "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று நம் முகத்தைப் பார்க்கிறான். உடனே கணக்குக்கு ஒரு ட்யூஷன், சயன்ஸுக்கு ஒரு ட்யூஷன் என்று ஏற்பாடாகிறது. பல வீடுகளில் அப்பாவின் ஓவர்டைம் பணம் இதற்கே போகிறது. அந்தப் பிள்ளையின் கணக்கில் கோளாறு எதுவும் இல்லை, வாசித்ததை விளங்கிக்கொள்வதில்தான் இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

வாசிப்பதும் விளங்கிக்கொள்வதும் இரண்டு வேறு காரியங்கள் என்பதை மும்பைத் தமிழனுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம்மில் பலருக்கு ஹிந்தி எழுத்து தெரியும். மராத்திக்கும் அதே தேவநாகரி எழுத்துதான். ஆகவே கட்டடத்து வாசலில் மாநகராட்சி ஒட்டிவிட்டுப் போன மராத்தி நோட்டீஸை ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்துவிடுவோம். வாசித்து முடித்த பிறகு பக்கத்து வீட்டு மராத்திக்காரரின் கதவைத் தட்டி, "நாளைக்குத் தண்ணீர் வருமா, வராதா?" என்று கேட்போம். நம் குழந்தை தன்னுடைய இங்கிலீஷ் புத்தகத்தின் முன்னால் ஏறக்குறைய இதே நிலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், நமக்கு விளங்கவில்லை என்பது நமக்குத் தெரியும். குழந்தைக்கு அது தெரியாது. கடைசி வரி வரை வாசித்துவிட்டால் வேலை முடிந்தது என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

பரீட்சையும் இதைக் காட்டிக் கொடுப்பதில்லை. சந்தேகமிருந்தால் இந்த வாக்கியத்தை வாசித்துப் பாருங்கள்: "பிளகன் நேற்றுத் தொனட்டில் மூன்று கிமுறுகளைச் சிமுக்கினான்." இதில் பாதிச் சொற்கள் எந்த அகராதியிலும் கிடையாது, நானே இட்டுக்கட்டியவை. இப்போது கேள்வி. சிமுக்கியவன் யார்? பிளகன். எங்கே சிமுக்கினான்? தொனட்டில். எத்தனை கிமுறுகளை? மூன்று. மூன்று மதிப்பெண்ணுக்கு மூன்றும் வாங்கிவிடலாம். வேற்றுமை உருபும் வினைமுற்றும் பதிலைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுகின்றன. கேள்வியிலுள்ள சொல்லைப் பாடத்தில் தேடு, அந்த வரியை அப்படியே காப்பி செய் என்று பல ட்யூஷன் வகுப்புகளில் பழக்கித் தருவது இந்தச் சிமுக்கும் வித்தையைத்தான். நான்காம் வகுப்பு வரை இது ஓடும். அதற்கு மேல் ஓடாது.

நான் ரயில்வேயில் கேரேஜ், வாகன் பராமரிப்புப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிப்ளமா படித்தவன், கல்வி இயலில் பட்டம் பெற்றவனல்ல. ஒர்க்ஷாப்புக்குப் புதிதாக வரும் அப்ரண்டிஸ் பையனிடம் போகியின் டிராயிங்கைக் கொடுத்தால், அதிலுள்ள அளவுகளையெல்லாம் வரிசையாக ஒப்பிப்பான். "இந்த ஸ்பிரிங் உடைந்தால் எந்தப் பக்கம் பெட்டி சாயும்?" என்று கேட்டால் விழிப்பான். டிராயிங்கை வாசிப்பது என்று நாங்கள் சொல்வது இரண்டாவதைத்தான். இப்போது சில வருஷங்களாகச் சனிக்கிழமை மாலைகளில் தாராவி 90 அடி ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். அதில் கண்டதையும், இதுபற்றித் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு பெருக்கல் கணக்கு

1986ஆம் ஆண்டு கஃப், டன்மர் என்ற இரண்டு அறிஞர்கள் வாசிப்பைப் பற்றி மிக எளிமையான ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறமை ஒன்று. அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறமை இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது, வாசித்து விளங்கிக்கொள்ளும் திறமை. இங்கே கூட்டலுக்குப் பதிலாகப் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. கூட்டலானால் ஒன்று குறைந்தாலும் மற்றது ஈடுகட்டும். பெருக்கலில் ஒரு பக்கம் சைபர் என்றால் விடையும் சைபர்தான். மராத்தி நோட்டீஸில் நமக்கு முதலாவது நூற்றுக்கு நூறு, இரண்டாவது சைபர். பள்ளிக்கூடமே போகாத நம் ஊர்ப் பாட்டிக்கு இரண்டாவது நூறு, முதலாவது சைபர். இருவருக்கும் விடை ஒன்றுதான்.

இந்தக் கணக்கை நம் வீடுகளில் போட்டுப் பாருங்கள். தாராவியிலோ செம்பூரிலோ இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது. தெருவில் பம்பாய் ஹிந்தி. பள்ளியில் இங்கிலீஷ் புத்தகம். 2020இல் வந்த மகாராஷ்டிரச் சட்டத்தின்படி மராத்தியும் கட்டாயம். நாலு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் வரும். ஆனால் புத்தகத்தில் உள்ள இங்கிலீஷை அது யார் பேசியும் காதால் கேட்டதில்லை. எழுத்துக் கூட்டும் திறமையைப் பள்ளி கொடுத்துவிடுகிறது. பெருக்கலின் இரண்டாவது எண் சிறிதாகவே நின்றுவிடுகிறது.

தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளையின் நிலை வேறு. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்தி வருகிறது. அதில் தமிழும் ஒன்று. அந்தப் பிள்ளைக்கு மொழி தெரியும், எழுத்துதான் மெதுவாக வரும். 26 எழுத்தோடு ஆங்கிலம் நின்றுவிடுகிறது, நமக்கு 247. அதோடு, வீட்டில் "வந்துக்கிட்டு இருக்கான்" என்று கேட்டுப் பழகிய காதுக்கு, புத்தகத்தில் "வந்துகொண்டிருக்கிறான்" என்று வந்தால் சற்றே அந்நியமாக இருக்கும். இந்த இடைவெளி பெரியதல்ல. புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டி வந்தால் ஓரிரு வருஷத்தில் மறைந்துவிடும். வாசித்துக் காட்டாத வீட்டில் நெடுநாள் நீடிக்கும்.

நாடு முழுவதும் உள்ள நிலையையும் பார்ப்போம். 'பிரதம்' என்ற அமைப்பு 1990களின் மத்தியில் இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் பால்வாடிகளோடு ஆரம்பித்தது. 2005 முதல் அது 'அசர்' என்ற ஆய்வை நடத்தி வருகிறது. ஊர் ஊராக வீட்டுக்கே போய், பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவுக்கு ஒரு கதை, அவ்வளவுதான் சோதனை. கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் 2018இல் ஏறக்குறையப் பாதிப் பேர். கொரோனாவுக்குப் பின் 2022இல் சுமார் 43 சதவீதமாகக் குறைந்து, 2024இல் மறுபடி 49 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கிறது. இது கிராமக் கணக்கு, மும்பைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சோதனை தடங்கலின்றி வாசிக்கிறார்களா என்பதை மட்டும்தான் பார்க்கிறது. வாசித்தவர்களில் எத்தனை பேருக்குக் கதை விளங்கியது என்பது தனிக் கேள்வி.

மும்பையிலேயே நடந்த வேறொரு விஷயமும் நம் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது. 'பால்சகி' என்ற பெயரில், அந்தந்தப் பகுதியிலேயே வசிக்கும் இளம்பெண்களை நியமித்து, மாநகராட்சிப் பள்ளிகளில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தனியே அழைத்து தினம் இரண்டு மணி நேரம் அடிப்படையைச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். அந்தப் பெண்களுக்குச் சம்பளம் மாதம் 500 முதல் 750 ரூபாய் வரைதான். இது உண்மையில் பலன் தருகிறதா என்று மும்பையிலும் வதோதராவிலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் முறையாக அளந்து பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பானர்ஜி மும்பையில் பிறந்தவர். 2019இல் இவ்விருவருக்கும் மைக்கேல் கிரெமருக்குமாகப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வில் தெரிந்தது என்னவென்றால், பின்தங்கியிருந்த பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். பெரிய படிப்பு இல்லாத ஓர் அக்கா, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து சொல்லிக்கொடுத்ததில் கிடைத்த பலன் இது. ஆனால் கணக்கில் கிடைத்த அளவு மொழியில் கிடைக்கவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கணக்கை இரண்டு மணி நேர வகுப்பில் பிடித்துவிடலாம். மொழி நாள் முழுவதும், வீட்டிலும் நடக்க வேண்டிய சமாசாரம்.

அம்மா என்ன செய்யலாம்?

எங்கள் சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட ஒரு தாய் கேட்டார்: "ஐயா, நான் ஊர்ல அஞ்சாப்போட நின்னவ. எனக்கு இங்கிலீசு தெரியாது. நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "நீங்க எதுவும் சொல்லிக் குடுக்க வேண்டாம்மா. அவன் வாசிச்ச கதைய உங்களுக்குத் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. உங்களுக்கு வெளங்கலைன்னா விடாதீங்க, திருப்பிக் கேளுங்க" என்றேன்.

சமாதானத்துக்காகச் சொன்ன பேச்சல்ல அது. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் 1970களின் கடைசியிலிருந்தே சொல்லி வருவது இதுதான்: ஒரு மொழியில் வளர்ந்த சிந்தனையும் புரிதலும் இன்னொரு மொழிக்கும் துணைக்கு வரும்; வீட்டு மொழியை வளர்ப்பதால் பள்ளி மொழி கெடாது. கதையின் காரண காரியத்தைத் தமிழில் கோத்துச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு இங்கிலீஷில் சொற்கள் மட்டும்தான் பாக்கி. இன்னும் சொல்லப்போனால், இங்கிலீஷ் தெரியாத அம்மா கேட்பதில் ஒரு சௌகரியம் உண்டு. இங்கிலீஷ் தெரிந்த அப்பாவிடம் பிள்ளை புத்தக வரியை அப்படியே ஒப்பித்துத் தப்பித்துக்கொள்ளும். அம்மாவிடம் அது பலிக்காது.

அந்தப் பையனே மறுவாரம் ஒரு கதை சொன்னான். ஒரு விவசாயி; அவனுடைய 'வெல்' வறண்டு போயிற்று; அதனால் ஊரை விட்டுப் போகிறான். "வெல்னா என்னடா?" என்று கேட்டேன். "நல்லா" என்றான். 'வெரி வெல்' என்று கேட்ட பழக்கம். 'நல்லா வறண்டு போச்சு' என்று அவனாக ஒரு பொருள் கட்டிக்கொண்டு மேலே போய்விட்டான். விவசாயி ஏன் ஊரை விட்டான் என்பது அவனுக்கு மர்மமாகவே இருந்தது. கிணறு என்று தமிழில் சொன்னேன். அதுவும் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவனுடைய அம்மாதான் தன் ஊர்க் கிணற்றைப் பற்றி, கோடையில் தண்ணீர் அடிக்குப் போய்விடுவது பற்றி, வாளி தரையில் இடிக்கும் சத்தம் பற்றிப் பத்து நிமிஷம் சொன்னார். பிறகு அந்தப் பாடத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொல் தெரிந்தால் மட்டும் போதாது, சொல்லுக்குப் பின்னால் உள்ள உலகமும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசிப்பில் மட்டமாக இருந்தாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் பிள்ளைகளிடம் கிரிக்கெட்டை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். பாடப் புத்தகத்தில் பத்து வரிக்குத் தடுமாறுகிறவன் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் மேட்ச் செய்தியை வாசித்து, கேப்டன் செய்தது தப்பு என்று விமரிசனமே சொல்வான்.

ஆகவே பிள்ளையிடம் உலகத்தைப் பற்றிப் பேசுங்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவும் முருங்கைக்காயும் எங்கிருந்து வருகின்றன, தாராவியில் தோல் எப்படிப் பதப்படுகிறது, கும்பார்வாடாவில் சூளை எப்படி எரிகிறது, தாத்தா ஏன் ஊரை விட்டு வந்தார் என்றெல்லாம் பேசலாம். செலவில்லாத பாடம் இது. பல வீடுகளில் பிள்ளையிடம் நாம் பேசுவது "சாப்பிடு, குளி, ஹோம்வொர்க் எழுது" என்ற மூன்று உத்தரவுகளோடு நின்றுவிடுகிறது.

ரயில்வேக்காரன் என்பதால் எனக்குப் பிடித்த பாடநூல் தாதர் பிளாட்பாரத்து இண்டிகேட்டர். 'கே' என்றால் கல்யாண், 'டி' என்றால் தாணே, 'எஃப்' என்றால் ஃபாஸ்ட், 'எஸ்' என்றால் ஸ்லோ. சென்ட்ரல் லைனில் நின்றுகொண்டு பிள்ளையிடம் கேளுங்கள்: "நாம் மாட்டுங்கா போகணும். கல்யாண் ஃபாஸ்ட் வருகிறது. ஏறலாமா?" மாட்டுங்கா என்ற பேரே போர்டில் இல்லை. கல்யாண் போகும் வழியில் மாட்டுங்கா உண்டு, ஆனால் ஃபாஸ்ட் அங்கே நிற்காது என்று பிள்ளை தனக்குத் தெரிந்ததையும் போர்டில் கண்டதையும் சேர்த்து முடிவு கட்ட வேண்டும். "செம்பூர் போகணுமானால்?" குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் பிடிக்க வேண்டும். மாட்டுங்கா, மாட்டுங்கா ரோடு, கிங்ஸ் சர்க்கிள் என்று ஒரே பேட்டைக்கு மூன்று லைனில் மூன்று ஸ்டேஷன் இருப்பதையும் சொல்லிக் குழப்பிவிடலாம். குழந்தைகளுக்கு இந்த மாதிரிக் குழப்பம் பிடிக்கும். எழுதியிருப்பதைக் கொண்டு எழுதாததைக் கண்டுபிடிப்பது என்று புத்தகங்கள் சொல்லும் திறமை இதுதான்.

கேள்வி கேட்கும் முறை

வகுப்பில் நான் பயன்படுத்தும் ஒரு பத்தியைத் தருகிறேன். நானே எழுதியது, நான்காம் வகுப்புக்குச் சரியாக இருக்கும்.

"1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி. பம்பாய் போரிபந்தரில் 14 பெட்டிகள் கொண்ட ரயில் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதில் சுமார் 400 விருந்தினர்கள் அமர்ந்திருந்தார்கள். சாஹிப், சிந்த், சுல்தான் என்ற மூன்று இன்ஜின்கள் அதை இழுத்தன. 21 குண்டுகள் முழங்க வண்டி கிளம்பியது. 34 கிலோமீட்டர் தொலைவில் இருந்த தாணேயைச் சென்றடைந்தது. இதுவே இந்தியாவின் முதல் பயணிகள் ரயில்."

எத்தனை பெட்டி, எத்தனை இன்ஜின் என்ற கேள்விகள் பிளகன் ரகம். ஒன்றிரண்டு கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அடுத்த ரகம், விடை வரிகளுக்கு நடுவே இருப்பது. "அந்த 400 பேரும் டிக்கெட் வாங்கியிருப்பார்களா?" பத்தியில் டிக்கெட் என்ற சொல்லே இல்லை. 'விருந்தினர்கள்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு விடைக்கு வர வேண்டும். "14 பெட்டிக்கு ஏன் மூன்று இன்ஜின்?" "பெட்டிக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இப்போது 12 பெட்டி லோக்கலில் நெரிசல் நேரத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் போகிறார்களே, அவர்கள் எப்படிப் போயிருப்பார்கள்?" பெட்டிக்கு 28, 29 பேர் என்று கணக்குப் போட்டவுடன் ஒரு பெண் குழந்தை, "எல்லாருக்கும் விண்டோ சீட்டா?" என்றது. அந்தக் குழந்தைக்குப் பத்தி விளங்கிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொரு பையன் "சண்டையா தாத்தா?" என்று கேட்டான். குண்டு என்றால் அவனுக்குத் தெரிந்தது டி.வி. செய்தியில் வெடிக்கும் குண்டுதான். மரியாதைக்காகப் பீரங்கி முழக்குவது உண்டு என்று சொன்ன பிறகு தெளிந்தான். இப்படித் தடுக்கிய இடத்தைப் பிள்ளை தானே சொல்வது மிகப் பெரிய முன்னேற்றம். "இதுகூடத் தெரியாதா?" என்று நாம் ஒரு தடவை சிரித்துவிட்டால் அப்புறம் வாயே திறக்காது.

மூன்றாவது ரகம் பிள்ளை நம்மைக் கேட்பது. "அவங்க திரும்பி எப்படி வந்தாங்க?" என்று ஒருவன் கேட்டான். பத்தியில் அதற்கு விடை இல்லை. இருந்தாலும் அன்று மாலை கேட்கப்பட்டதில் உயர்ந்த கேள்வி அதுதான்.

1984இல் பாலின்க்சர், பிரவுன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் வகுத்த முறை ஒன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. ஒரு பத்தி வாசித்ததும் நிறுத்தி, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வது, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது, விளங்காத இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது ஆகிய நான்கும்தான் அது. முதலில் பெரியவர் செய்துகாட்ட வேண்டும். பிறகு பிள்ளை டீச்சராகவும் நாம் மாணவனாகவும் மாற வேண்டும். டீச்சர் வேஷம் என்றால் எந்தக் குழந்தையும் வேண்டாமென்று சொல்வதில்லை. அக்கா தம்பிக்குச் செய்யலாம். தம்பி தாத்தாவுக்குச் செய்யலாம். நான்கையும் ஒரே நாளில் நுழைக்க வேண்டாம். ஒரு மாதம் சுருக்கிச் சொல்வது மட்டும் நடந்தால்கூடப் போதும்.

மொழிகளை ஒப்பிட்டுப் பேசுவதும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் தனி வசதி. தமிழில் 'நாம் சினிமாவுக்குப் போகிறோம்' என்றால் கேட்கிறவனும் உண்டு. 'நாங்கள்' என்றால் அவன் வீட்டில் இருக்க வேண்டியதுதான். இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் இந்த வேறுபாடு இல்லை, மராத்தியில் 'ஆபண்', 'ஆம்ஹி' என்று அப்படியே இருக்கிறது. ஹிந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் 'கல்' என்ற ஒரே சொல். வினையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மராத்தியில் நம் 'ள' உண்டு: பள்ளி 'ஷாளா', வாழைப்பழம் 'கேளே'. இதையெல்லாம் சாப்பாட்டு வேளையில் பேசினால் பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் உற்றுப் பார்க்கப் பழகும். (நம் 'ழ' மட்டும் மும்பையில் அநாதையாக நிற்பதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன்.)

எழுத்துக் கூட்டுவதே இன்னும் திணறலாக இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்விகளைப் புத்தகத்தை வைத்துக் கேட்கக் கூடாது. ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். மனசில் பொருளுக்கு இடமே இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்கலாம். தனியாக, சின்னப் பத்தி ஒன்றையே மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து வேகத்தைக் கூட்டலாம். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் வேண்டாம். எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பாராமல், தடங்கலின்றி வாசிக்கக்கூடிய புத்தகத்தைக் கையில் கொடுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நாம் படித்து வளர்ந்த அம்புலிமாமா இன்று வருவதில்லை. ஆனால் பிரதம் புக்ஸ் 2015இல் ஆரம்பித்த 'ஸ்டோரிவீவர்' என்ற இணையதளத்தில் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை வாசிப்புப் படி வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பது கூடுதல் வசதி. ஒரே கதையை இன்று தமிழில் வாசித்து நாளை இங்கிலீஷில் வாசிக்கலாம். கதை தெரிந்திருப்பதால் இங்கிலீஷ் பயமுறுத்தாது. சென்னை தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷுமாகக் குழந்தைப் புத்தகங்கள் போடுகிறது. போனில்தான் வாசிக்க முடியும் என்றால் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது நிமிஷம் கதை மறைந்து கார்ட்டூன் வந்துவிடும். இது எல்லார் வீட்டிலும் கண்டது.

நேரம் இருபது நிமிஷம் போதும். ஒரே அறையில் டி.வி., சமையல், தையல் மெஷின் என்று எல்லாம் நடக்கும் வீடுகளில் அந்த இருபது நிமிஷம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ராத்திரி படுத்த பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்வது பல தாய்மார்களுக்கு ஒத்துவந்திருக்கிறது. அப்போது புத்தகம் தேவையில்லை. பிள்ளை வாசிக்கும்போது தப்பு வந்தால் உடனே குறுக்கே விழ வேண்டாம். வாக்கியம் முடியட்டும், பொருள் இடித்தால் அதுவே திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ளும். சொல்லுக்குச் சொல் தமிழாக்கம் செய்யச் சொல்வதும் வேண்டாம். சொற்கள் எல்லாம் வந்து கதை தொலைந்துபோகும்.

இத்தனையும் பொறுமையாகச் செய்தும் சில பிள்ளைகளுக்கு எழுத்தே பிடிபடுவதில்லை. பேச்சில் கெட்டிக்காரனாக இருப்பான், சொன்ன கதையைத் திருப்பி அழகாகச் சொல்வான், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து இடம் மாறிக் குழம்பும். அவனைச் சோம்பேறி என்று அடிக்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் 'டிஸ்லெக்ஸியா' என்ற குறைபாடாக இருக்கலாம். 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தில் காட்டினார்களே, அதுதான். தாராவிக்கு அடுத்தாற்போலவே உள்ள சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் கற்றல் குறைபாட்டுக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. முறையாகச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தால் ஸ்டேட் போர்டு பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. போகும்போது பிள்ளையின் மார்க் ஷீட்டோடு, திருத்திய பழைய நோட்டுப் புத்தகங்கள் இரண்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.